பல்லிக்கூடம்

"யாரைக் கேட்டு அவ தாள்ல கை வெச்சீங்க அண்ணி?"

"கை வெக்காம? பாத்துட்டுச் சும்மா போகச் சொல்றியா? வரிக்கு வரி தப்பு..."

"அது தப்பு இல்ல..."

"ஒரு பக்கத்துல பாதி எழுத்து..."

"தப்பு இல்லன்னு சொல்றேன்ல!"

"பள்ளிக்கூடத்தைப் 'பல்லிக்கூடம்'னு எழுதி வெச்சிருக்கா உன் பொண்ணு. எட்டு வயசு முடியப்போகுது. அது தப்பு இல்லன்னா, வேற எதும்மா தப்பு?"

"நீங்க பண்ணினதுதான்!"

வாசல் கதவு இன்னும் சாத்தப்படவில்லை. பெண்ணின் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அச்சகத்துக்குப் போய், திருத்தி முடித்த தாள் கட்டைக் கொடுத்துவிட்டு, புதுக் கட்டை வாங்கிக்கொண்டு படியேறி வந்தவள், பையைத் தோளில் மாட்டியபடியே மேஜைமேல் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள். தாள் முழுக்கச் சிவப்பு. வட்டம், கோடு, அடித்தல், மேலே திருத்தம், ஓரத்தில் 'கவனம்!' என்று அழுத்தி ஒரு சொல், அதன் கீழே இரண்டு கோடு.

அந்த மேஜையில்தான் அந்த வீட்டில் எல்லாம் நடக்கும். சாப்பாடும் அங்கேதான், அவளுடைய வேலையும் அங்கேதான். அச்சுப்பிழை திருத்துகிறவள் என்பதால் அச்சகத்தில் அவளை எல்லாரும் 'புரூஃப் அம்மா' என்பார்கள். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, கடை விளம்பரம், வருடக் கணக்கு அறிக்கை என்று எது அச்சாவதானாலும் அவள் கண்ணுக்குக் கீழே ஒரு தடவை ஊர்ந்துவிட்டுத்தான் போகும். மேஜைக்கு அடியில் அவளுடைய மகளின் குடியிருப்பு. பழைய போர்வை ஒன்று திரையாகத் தொங்கும். அதில் ஊசியால் குத்தி ஒரு அட்டை: 'அறை வாடகைக்கு இல்லை. உயரம் குறைவு. பெரியவர்கள் தலையை நுழைக்க வேண்டாம்.' பிறந்தபோது சுண்டுவிரல் போல இருந்ததால் அந்தப் பெண்ணுக்குச் சுண்டு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது திரை முழுக்க இழுத்து மூடியிருந்தது. கீழே கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. அவையும் அசையவில்லை.

"முதல்ல உக்காருமா. தண்ணி குடி. அப்புறம் கத்து" என்றாள் நாத்தனார். இருபது வருடமாக ஆசிரியை. உட்கார் என்று சொன்னால் எதிரே இருப்பவர் உட்கார்ந்தே தீரவேண்டும் என்று அந்தக் குரலுக்குப் பழக்கம்.

"என் வீட்ல என்னை உக்காரச் சொல்லாதீங்க. நீங்க எப்படி உள்ள வந்தீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல."

நாத்தனாரின் பார்வை ஃபிரிட்ஜ் பக்கம் போனது. ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்த கணவன், அப்போதுதான் அந்த வீட்டில் தானும் ஒரு ஆள் என்பது நினைவுக்கு வந்தவன் போல நிமிர்ந்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வேலைச் சட்டைகூட மாற்றவில்லை. கையில் கிரீஸ்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றான்.

"ஓ."

"நாளைக்கு அக்கா ஸ்கூல்ல டெஸ்ட். ஒரு தடவை பாத்துடலாமேன்னு..."

"டெஸ்டா? யாருக்கு டெஸ்ட்?"

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ சொல்றதா இருந்தீங்க? யூனிஃபார்ம் தைக்கக் குடுக்கும்போதா?"

"இப்படித்தான் பேசுவேன்னு தெரிஞ்சுதான் சொல்லல."

"நல்லா இருக்கு! நான் கட்டைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனதும், நீங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டீங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டின லிஃப்ட்டு மாதிரி நிக்காதீங்க. மேல போறீங்களா கீழ வர்றீங்களா, ஒண்ணு சொல்லுங்க."

"அவனை ஏன் பிடிச்சு உலுக்குற?" நாத்தனார் குறுக்கே வந்தாள். "அந்த சீட்டுக்காக நான் எங்க ஹெச்.எம். முன்னாடி எத்தனை நாள் பல்லை இளிச்சுக்கிட்டு நின்னேன்னு உனக்குத் தெரியுமா? வருஷத்துக்கு நடுவுல யாரும் சேத்துக்க மாட்டாங்க. என் தம்பி பொண்ணு, நல்லா படிப்பா, உடம்பு சரியில்லாம வீட்ல இருந்தான்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு அங்க போய் பல்லிக்கூடம்னு எழுதினா என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறது?"

"அதானே பாத்தேன். உங்க மூஞ்சிக்குத்தான் டெஸ்ட்டு."

"எடுத்தெறிஞ்சு பேசாதே!"

"நீங்க கிழிச்சு எறிஞ்சதை விடவா?"

கிழிக்கவில்லை, திருத்தினேன் என்று நாத்தனார் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுண்டுவின் அம்மா தாள்களைப் புரட்டி அடியில் இருந்ததை உருவிவிட்டாள். அது புதுத் தாள். 'பள்ளி, பள்ளி, பள்ளி' என்று மேலிருந்து கீழ்வரை ஒரே சொல். முதல் வரியில் எழுத்து அழகாக, இடைவெளி விட்டு இருந்தது. போகப்போகப் பென்சில் அழுந்திக்கொண்டே போயிருந்தது. கடைசி வரியில் தாள் பொத்துப்போயிருந்தது.

அந்தக் குழந்தை பென்சிலைத் தொடவே மாட்டேன் என்றிருந்த காலம் அவளுக்குத்தான் தெரியும். முன்பு படித்த பள்ளியில், 'மணல்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மனல்' என்று எழுதியதற்காக, டீச்சர் தாளை உயரத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து காலையில் சீருடையைக் கண்டாலே சுண்டுவுக்கு வாந்தி. பள்ளியை நிறுத்தினார்கள். வாந்தி நின்றது. ஆனால் எழுதச் சொன்னால் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு விடுவாள். கெஞ்சிப் பார்த்தாயிற்று, மிரட்டிப் பார்த்தாயிற்று, கலர் பென்சில் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையில், 'மணமகன்' வரவேண்டிய இடத்தில் 'மனமகன்' என்று வந்திருந்தது. "இவங்களுக்கு மூணு சுழி ஆகவே ஆகாது" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் வட்டம் போட்டாள். பக்கத்தில் இருந்த சுண்டு, "மனமகன்னா யாரும்மா?" என்றாள். அப்படி ஒருத்தரும் இல்லை, அச்சுப்பிழை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்ன தோன்றியதோ, "தெரியலையே, நீதான் சொல்லேன்" என்றாள். குழந்தை கொஞ்சம் யோசித்தது. "மனசுக்குள்ளயே இருக்கிற பையன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டான்" என்றது. பிறகு தானாகவே, யாரும் சொல்லாமல், அம்மாவின் பென்சிலை எடுத்து, கழித்துப்போட்ட புரூஃப் தாளின் முதுகில் எழுத ஆரம்பித்தது.

அன்றிலிருந்துதான் இந்த விளையாட்டு. அச்சில் வந்த பிழைக்கு ஒரு கதை. சட்டம் ஒன்றே ஒன்று. சரியான சொல் எது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு தப்பான சொல் சுண்டுவுக்குச் சொந்தம், அதை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அதிலிருந்து ஒவ்வொன்றாக முளைத்தன. புரூஃப் தாளில் பாதியை மறைத்துவிட்டு மீதியை ஊகித்துப் படிப்பது. காணாமல் போன இடது கால் சாக்ஸுக்கு 'காணவில்லை' அறிவிப்பு எழுதுவது. உப்பு டப்பா சர்க்கரை டப்பாவுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அவள் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்திருக்கிறாள்: 'நாம் இருவரும் ஒரே வெள்ளைதான். நீ கொஞ்சம் அதிகமானால் சிரிக்கிறார்கள். நான் கொஞ்சம் அதிகமானால் முகத்தைச் சுளிக்கிறார்கள். இது நியாயமா என்று நீயே சொல்.' அந்தத் தாள்கள் மேல் அவள் ஒரு நாளும் தன் தொழில் பேனாவைக் கொண்டுபோனதில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கிறேன். இதைப் படிச்சீங்களா?"

"படிக்காமயா திருத்தினேன்?"

"அப்ப நானே படிச்சுக் காட்டுறேன், கேளுங்க. நீங்க திருத்தினபடியே படிக்கிறேன். ஒரு எழுத்தும் மாத்தல."

தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உரக்க ஆரம்பித்தாள்.

"'ஒரு ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பெஞ்சு கிடையாது. பள்ளிகள் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு படிக்கும்.' சுவர்ல ஒட்டுதாம் பள்ளி! 'சில பள்ளிகள் கூரையில் தலைகீழாகத் தொங்கும். பாடம் நடக்கும்போது பூச்சி வந்தால் ஒரு பள்ளி அதைப் பிடித்துத் தின்றுவிடும். தப்பு செய்தால் வாத்தியார் வாலைப் பிடிப்பார். பள்ளி வாலை அவர் கையில் விட்டுவிட்டு ஓடிவிடும்.' ஏன் அண்ணி, உங்க ஹெச்.எம். கையில எத்தனை பள்ளியோட வால் இருக்கு?"

கணவன் சிரித்துவிட்டான். அடக்கத்தான் பார்த்தான், மூக்கு வழியாக வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"உனக்கு என்னடா சிரிப்பு?"

"உங்களுக்கு என்ன சிரிப்பு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தான்.

"இது பல்லிங்களுக்கு நடக்கிற கூடம் அண்ணி. அதான் பல்லிக்கூடம். பல்லியை அவ பல்லின்னு சரியாத்தான் எழுதியிருக்கா. நீங்க சுவர்ல ஓடுற பல்லியையும் பிடிச்சுப் பள்ளி ஆக்கிட்டீங்க. படிக்கவே இல்ல நீங்க. திருத்தினீங்க, அவ்வளவுதான்."

நாத்தனாரின் முகம் சிவந்தது. ஆனால் அவள் லேசில் விடுகிறவள் இல்லை.

"சரி. நான் படிக்கல. நீ படிக்கிறியா?"

"நான் ஏன்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. தினம் கட்டுக்கட்டா வருது உனக்கு. அதுல ஒரு கல்யாணப் பத்திரிகையாவது யாருக்கு யாரு மாப்பிள்ளைன்னு படிச்சிருக்கியா? எழுத்து எழுத்தாப் பாத்து வட்டம் போட்டுட்டு, காசை வாங்கிக்கிட்டுப் போற. நீ செஞ்சா தொழிலு, நான் செஞ்சா கொலைக்குத்தமா?"

"அவங்க திருத்தச் சொல்லிக் குடுக்கிறாங்க. இவ உங்ககிட்ட திருத்தச் சொன்னாளா?"

"எந்தப் பிள்ளைம்மா திருத்தச் சொல்லும்? நான் பாத்த பிள்ளைங்கள்ல ஒண்ணும் சொன்னதில்ல." நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். "நீ பாத்தது உன் பொண்ணு ஒருத்தியை. எனக்குத் தெரியும் வெளியில என்ன நடக்கும்னு. பரீட்சைத் தாளைத் திருத்துறவன் 'இந்தக் குழந்தை பல்லியை மனசுல வெச்சு எழுதியிருக்கு'ன்னு பாராட்டவா போறான்? ஒரே கோடு, போய்க்கிட்டே இருப்பான். அன்னைக்கு அந்த வகுப்பு மொத்தமும் சிரிச்சதே, அது மறுபடி நடக்கக் கூடாதுன்னுதான் நான் வந்தேன். அத்தை ஒருத்தி வீட்டுக்குள்ள உக்காத்தி வெச்சுத் திருத்தினது வலிக்குதா? ஊரே சிரிக்கிறது வலிக்குமா? நீயே சொல்லு."

அது சுருக்கென்று தைத்தது. தைத்ததனாலேயே அவள் குரல் இன்னும் ஏறியது.

"அவளுக்குப் பல்லி, பள்ளி ரெண்டும் தெரியும்!"

"தெரிஞ்சா ஏன் தப்பா எழுதறா?"

"தெரியும்னு சொல்றேன்!"

"நீ சொன்னா ஆச்சா? அம்மா சொன்னா மார்க் போடுவாங்களா?"

"கேளுங்க. நேர்ல கேளுங்க. இப்பவே கேளுங்க." அவள் குனிந்து போர்வையை விலக்கினாள். "சுண்டு, வெளியே வா."

"விடு, அவளை எதுக்கு இதுல..." என்றான் கணவன்.

"அக்காவைக் கூட்டிக்கிட்டு வரும்போது இது தோணலியா? சுண்டு, வாடா செல்லம். அத்தை சொல்றதை எழுதிக் காட்டு. ஒரே ஒரு தடவை."

குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது. வெளியே வர அதற்கு இஷ்டமில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்தும் கையை நீட்டிப் பிடித்து இழுத்தாள். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவளுக்கு அந்த நேரத்தில் கண்ணை மறைத்திருந்தது.

சுண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"எழுது. மழை பெய்தது."

எழுதினாள்.

"மலை நனைந்தது."

எழுதினாள்.

"மணமகன் மனம் மகிழ்ந்தான்." சொல்லிவிட்டு நாத்தனார் ஓரக்கண்ணால் தம்பி மனைவியைப் பார்த்தாள். "பள்ளிச் சுவரில் பல்லி ஓடியது."

பென்சில் எங்கேயும் நிற்கவில்லை. எழுதி முடித்துத் தாளை அத்தை பக்கம் நகர்த்திவிட்டு, சுண்டு கையை மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிவரை வந்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பேனா காற்றிலேயே நின்றது.

"பாத்தீங்களா?" என்றாள் அவள். "பாத்தீங்களா? ஏதாவது ஒரு இடத்துல வட்டம் போடுங்க பாக்கலாம். போடுங்களேன்!"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு." நாத்தனாருக்கு நிஜமாகவே குழப்பம். "இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏண்டி கண்ணு பல்லிக்கூடம்னு எழுதின?"

"சொல்லு சுண்டு" என்றாள் அம்மா. "அத்தைக்குச் சொல்லு. உன் கதையில அது யாரோட கூடம்? சொல்லு. வாயைத் தொறந்து சொல்லு!"

குழந்தை அம்மாவைப் பார்த்தது, அத்தையைப் பார்த்தது. பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னது:

"இனிமே எழுதமாட்டேன்."

"அதான் சமத்து" என்றாள் நாத்தனார், வாய்ப் பழக்கத்தில்.

"சமத்தா?" அவள் மேஜையை ஓங்கி அறைந்தாள். தோளில் இருந்த பை புதுக் கட்டோடு சரிந்து தரையில் விழுந்தது. "அவ என்ன சொன்னான்னு காதுல விழுந்துச்சா உங்களுக்கு? எழுதமாட்டேங்கிறா! பென்சிலைக் கையில எடுக்க வெக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? ஒரு மத்தியானத்துல, ஒரே ஒரு மத்தியானத்துல வந்து மொத்தத்தையும் கொட்டிக் கவுத்துட்டுச் சமத்துங்கிறீங்க! போங்க. ரெண்டு பேரும் போங்க. டெஸ்டுக்கு நீங்க ரெண்டு பேருமே போய் எழுதிக்குங்க!"

"தப்பா எழுதமாட்டேன்னு தானேம்மா சொல்லியிருப்பா..." என்றான் கணவன்.

"நீங்க பேசாதீங்க!"

அவன் குனிந்து கட்டைப் பொறுக்க ஆரம்பித்தான். கிரீஸ் கை பட்டு ஒவ்வொரு தாளிலும் ஒரு விரல் அடையாளம் விழுந்தது. அதற்கும் அவள் ஒரு பாட்டு வைத்திருப்பாள். ஆனால் மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை.

அந்த இடைவெளியில் நாத்தனார் கதைத் தாளைக் கையில் எடுத்தாள். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் எழுத்தைத் தேடித்தேடி, உதடு அசைய, முதல்முறையாகப் படித்தாள். ஒரு பக்கம் முடித்தாள். இரண்டாவது பக்கத்தில், 'வாத்தியார் மேஜை இழுப்பறை நிறைய வால். சாயங்காலம் அவர் தனியாக உட்கார்ந்து எந்த வால் யாருடையது என்று பார்ப்பார், அவருக்குத் தெரியாது' என்ற இடத்தில் வந்து நின்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. பாதிச் சிரிப்பிலேயே அது எங்கோ போய்விட்டது. மேற்கொண்டு படிக்கப் பக்கத்தைத் திருப்பினாள். அதற்கு மேல் கதை இல்லை. தான் வந்து தாளை வாங்கிப் பார்த்த இடத்தில் நின்றுபோயிருந்தது.

நாத்தனார் பேனாவை மூடினாள். கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு, ஜிப்பையும் இழுத்தாள். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று செய்தது போலத்தான் இருந்தது.

"சுண்டு, இங்க பாரு. பேனா உள்ள போயிடுச்சு. நான் திருத்தல. சும்மா படிக்கத்தான் கேக்கிறேன். அந்த வாத்தியார் அப்புறம் என்ன பண்ணினாரு? எழுதேன், படிக்கலாம்."

"இப்ப கொஞ்சுங்க" என்றாள் அம்மா. "எல்லாம் பண்ணிட்டு இப்ப கொஞ்சுங்க."

"சண்டை என்கிட்ட தானே உனக்கு? இரு. பிள்ளை எழுதட்டும்."

"அவ எழுதுவா. நீங்க சொல்லி இல்ல, அவளாவே எழுதுவா. சுண்டு, எழுதுடா. உனக்கு என்ன தோணுதோ அதை எழுது. யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க. எழுது."

"ஆமா, யாரும் சொல்லமாட்டோம்."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்களேன் அண்ணி!"

"நீ மொதல்ல இரு!"

சுண்டு ஒரு புதுத் தாளை எடுத்தாள். புரூஃப் தாளின் முதுகு அல்ல, அத்தை கொண்டுவந்திருந்த கோடு போட்ட தாள். இடது பக்கம் ஸ்கேல் வைத்து ஓரக்கோடு இழுத்தாள். மேலே தேதி எழுதினாள். தேதிக்குக் கீழே அடிக்கோடு போட்டாள். முதுகை நேராக்கி, பென்சிலைத் தாளின் மேல் நட்டுவைத்துக்கொண்டு, காத்திருந்தாள். இரண்டு பெண்களும் அந்தப் பென்சில் நுனியையே பார்த்தார்கள். கட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தவனும் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

சுண்டு முதலில் அத்தையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா சொல்றதா, அத்தை சொல்றதா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க. தப்பில்லாம எழுதிடுறேன்."